மீட்டர் கேஜ் காலத்து ரயில் படங்கள்: பழுதில்லாமல் ஸ்கேன் செய்வது, எஞ்சினையும் ஊரையும் ஆண்டையும் கண்டுபிடிப்பது

தெற்கு ரயில்வேயின் மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி 1,000 மி.மீ.) எஞ்சின் இருக்கும் பழைய படம் கையில் கிடைத்தால் பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? ஃபோனில் ஒரு கிளிக், ஏதோ ஒரு செயலியில் போட்டுப் பளபளப்பாக்கல், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்தல். சில வருடத்தில் அசல் படம் வீடு மாற்றும்போது தொலைந்துவிடும். மிஞ்சுவது 200 கிலோபைட் கோப்பு. அதில் எஞ்சின் எண்ணின் கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

மீட்டர் கேஜ் பாதைகள் ஏறக்குறைய முழுதும் அகலப் பாதையாகிவிட்டன. எஞ்சின் ஷெட்டுகள் இடிக்கப்பட்டுவிட்டன, எஞ்சினைத் திருப்பும் டர்ன்டேபிள் குழிகள் மூடப்பட்டுவிட்டன. பல ஸ்டேஷன்களின் பழைய அமைப்புக்கு இனி சாட்சி இந்தப் படங்கள்தாம். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் அசலைக் காப்பாற்று, அடுத்து முழுதாக ஸ்கேன் செய், பிறகு படி, கடைசியில்தான் அழகுபடுத்து. அழகுபடுத்தாமலே விட்டாலும் குற்றமில்லை.

அசலைக் கையாளுதல்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். படத்தின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் உடனே தெரியாது. சில ஆண்டு கழித்துப் பழுப்பு ரேகையாக எழுந்து நிற்கும்.

ஒட்டும் பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பங்கள் 1980-களில் வீட்டுக்கு வீடு வந்தன. படத்துக்கு அவைதான் பெரிய எதிரி. பசை காய்ந்து இறுகிவிட்டால் மூலையைப் பிடித்து இழுக்கக் கூடாது, படம் மடிந்து மேற்பூச்சு வெடிக்கும். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலையோ மெல்லிய தையல் நூலையோ படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, ரம்பம்போல மெதுவாக இழுத்து விடுவியுங்கள். அப்படியும் வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்துக்கும் இதே விதி. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்கிறது. பிய்த்தால் எஞ்சின் கண்ணாடியிலும் காகிதம் உங்கள் கையிலுமாகப் பிரிந்துவிடும். கண்ணாடியோடு ஸ்கேன் செய்வதே வழி.

பூஞ்சை பிடித்த நெகட்டிவ்வைத் தண்ணீரில் கழுவவே கூடாது. பூஞ்சை தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் தன்மை பெற்றுவிடும். கழுவினால் பூஞ்சையோடு பிம்பமும் போய்விடும். உலர வைத்து, மென்மையான தூரிகையால் தூசி தட்டி, அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். புள்ளிகளைக் கணினியில் நீக்கிக்கொள்ளலாம்.

நெகட்டிவ்வின் ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 1950-களின் தொடக்கம் வரை நைட்ரேட் அடிப்படையிலான சுருள்களும் புழங்கின. அவை எளிதில் தீப்பிடிக்கும், பழசானால் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் ஸ்கேனரின் சூட்டில் வைக்காமல், மற்ற படங்களோடும் சேர்க்காமல், ஆவணக் காப்பகத்தில் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கண்ணாடித் தட்டு நெகட்டிவ் என்றால் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், நீளப் பக்கம் கீழிருக்கும்படி நிறுத்தி வையுங்கள். அடுக்கினால் அடித்தட்டு விரிசல் விடும்.

ஸ்கேன்

தபால் அட்டை அளவுப் பிரிண்டுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். பழைய பெட்டிக் கேமராக்களின் சின்ன கான்டாக்ட் பிரிண்டுக்கு (நெகட்டிவ் அளவிலேயே போட்டது) 1200 வையுங்கள். 120 சுருள் நெகட்டிவ்வுக்கு 2400, 35 மி.மீ. நெகட்டிவ்வுக்கும் ஸ்லைடுக்கும் 3200. அதற்கு மேல் போனால் கோப்பு பெருக்குமே தவிர விவரம் பெருகாது. தட்டை ஸ்கேனர்களின் பெட்டியில் போட்டிருக்கும் உச்ச எண்ணில் பாதிகூட நிஜத்தில் கிடைப்பதில்லை. 35 மி.மீ. சட்டம் ஒன்று 3200-இல் சுமார் 1.4 கோடி பிக்சல் வரும். 16 பிட் கறுப்பு வெள்ளையாகச் சேமித்தால் 27 எம்பி அளவு, 48 பிட் வண்ணத்தில் 80 எம்பிக்குச் சற்று மேல். டிஃப் கோப்பாகவே சேமியுங்கள். அனுப்புவதற்கு மட்டும் அதிலிருந்து ஒரு ஜேபெக் எடுத்துக்கொள்ளலாம்.

கறுப்பு வெள்ளைப் பிரிண்டையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். காகிதத்தின் பழுப்பு, ஓரத்தில் படிந்த வெள்ளி மினுக்கு, யாரோ நீல மையில் எழுதிய எண் எல்லாம் தகவல்தான். படத்தின் விளிம்புக்கு வெளியே 5 மி.மீ. விட்டு எடுங்கள். பின்பக்கத்தையும் தனியாக ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் எழுத்து, காகிதக் கம்பெனியின் அச்சு எல்லாம் அங்கேதான் இருக்கும். ஸ்கேனர் மென்பொருளில் தானியங்கிக் கூர்மை, தானியங்கி வண்ணம், தூசி நீக்கம் மூன்றையும் அணைத்துவிடுங்கள்.

தூசி நீக்க வசதி அகச்சிவப்பு ஒளியால் வேலை செய்கிறது. சாதாரண வண்ண நெகட்டிவ்வில் அது அருமையாக இருக்கும். ஆனால் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்வில் உள்ள வெள்ளித் துகள் அகச்சிவப்பை மறைப்பதால் பிம்பத்தையே தூசி என்று நினைத்து அழிக்கும். கோடாக்ரோம் ஸ்லைடிலும் இதே தொல்லை உண்டு; கம்பி, கைகாட்டியின் மெல்லிய சட்டம், எழுத்தின் விளிம்பு எல்லாம் வழுவழுத்துப் போகும். 1970-களிலும் 80-களிலும் நம் நீராவி எஞ்சின்களைத் தேடி வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எடுத்ததில் கணிசமான பங்கு கோடாக்ரோம் என்பதால் இதை மறக்கக் கூடாது.

நெகட்டிவ்வில் மங்கலான பக்கம் பிம்பம் இருக்கும் பக்கம், பளபளப்பானது அடிப்பக்கம். மாற்றி வைத்தால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறும். எழுத்து தெரிந்தால் உடனே பிடிபடும். எழுத்தே இல்லாத படத்தில், இரட்டைப் பாதை என்றால், நம் ரயில்கள் இடப்பக்கப் பாதையில் ஓடுபவை என்பதை வைத்துச் சரிபார்க்கலாம்.

ஸ்கேனர் கிடைக்காதபோது ஃபோன் போதும், ஆனால் முறையாக. படத்தை மேசையில் வைத்து, இருபுறமும் ஒரே மாதிரி இரண்டு விளக்குகளை 45 பாகைச் சாய்வில் வையுங்கள். ஃபோனைப் படத்துக்கு இணையாக ஸ்டாண்டில் பொருத்துங்கள். அகலக் கோண லென்ஸ் வேண்டாம். ஓரத்துப் புகைபோக்கி வளையும். 2 மடங்கு லென்ஸில் சற்று உயரத்திலிருந்து எடுங்கள். பளபளப்புத் தாளில் ஃபோனின் நிழலுரு விழுந்தால் நடுவில் துளையிட்ட கறுப்பு அட்டையை ஃபோனுக்கு முன்னால் பிடியுங்கள். நெகட்டிவ் என்றால் டேப்லெட் திரையை முழு வெள்ளையாக்கி, அதற்கு 2, 3 செ.மீ. மேலே பால்நிற அக்ரிலிக் தகடு, அதன்மேல் நெகட்டிவ். இடைவெளி விடாமல் நேராகத் திரையில் வைத்தால் திரையின் பிக்சல் வலை படத்தில் விழும்.

எந்த கேஜ், எந்த எஞ்சின்

தண்டவாள இடைவெளியைக் கண்ணால் அளந்து 1,000 மி.மீட்டரா 1,676 மி.மீட்டரா என்று சொல்வது கஷ்டம், குறிப்பாக எதிரிலிருந்து எடுத்த படத்தில். முன்தட்டைப் பாருங்கள். நடுவில் ஒற்றை பஃபரும் (மோதல் தாங்கி) கொக்கியும் இருந்தால் மீட்டர் கேஜ். இரண்டு ஓரத்திலும் வட்ட பஃபர் இருந்தால் அகலப் பாதை. இது நீராவி எஞ்சினில் மட்டுமல்ல, பெட்டிகளிலும் பெரும்பாலும் கைகொடுக்கும். ஸ்லீப்பர் கட்டையும் உதவும். மீட்டர் கேஜ் கட்டை 6 அடிதான், அகலப் பாதைக் கட்டை 9 அடி. பக்கத்தில் கேங்மேன் நின்றால் ஒப்பிட்டுவிடலாம்.

அடுத்து சக்கரம் எண்ணுங்கள். ஒரு பக்கம் தெரிவதை இரண்டால் பெருக்க வேண்டும். முன்னே சின்னது 2, நடுவே பெரியது 3, பின்னே சின்னது 1 என்றால் அது 4-6-2. ஒய்பி வகை, பயணிகள் வண்டி எஞ்சின், பெரிய சக்கரம் 1,372 மி.மீ. முன்னே 1, நடுவே 4, பின்னே 1 என்றால் 2-8-2. ஒய்ஜி வகை, சரக்கு எஞ்சின், சக்கரம் 1,219 மி.மீ. இரண்டுக்கும் கொதிகலன் ஒன்றே. தூரத்துப் படத்தில் இரட்டைப் பிள்ளைகளாகத் தெரியும். கொதிகலனைப் பார்த்து வகை சொல்பவர்கள் சறுக்குவது இங்கேதான். 1, 3, 1 என்று வந்தால் 2-6-2, பாரம் தாங்காத கிளைப் பாதைகளுக்கான ஒய்எல். கேப்பின் (டிரைவர் நிற்கும் அறை) அடியில் இருக்கும் பின்சக்கரம் நிழலில் மறைந்துவிடும். எண்ணுவதற்கு முன் படத்தின் நிழல் பகுதியை மட்டும் வெளிச்சப்படுத்திப் பாருங்கள்.

ஒய்பி 871-உம் ஒய்ஜி ஆயிரத்துக்கு மேலும் கட்டப்பட்டன. சித்தரஞ்சன் எஞ்சின் ஆலையில் கட்டிய கடைசி நீராவி எஞ்சினே 1972-இல் வந்த ஒரு ஒய்ஜி. எனவே சந்தேகம் வந்தால் நிகழ்தகவு இந்த இரண்டின் பக்கம். சென்னை ரயில் அருங்காட்சியகம், திருச்சி, மைசூரு, டெல்லி ரயில் அருங்காட்சியகங்களில் நிற்கும் எஞ்சின்களைப் பக்கவாட்டில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி. அங்குள்ள வண்ணப் பூச்சை மட்டும் நம்பாதீர்கள், காட்சிக்காகப் பூசியது அது.

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகையைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் கட்டியது, 0-8-2, ஒவ்வொரு பக்கமும் சிலிண்டர் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருக்கும். கீழ்ச் சிலிண்டர் சக்கரத்தை ஓட்டும், மேலது பற்சக்கரத்தை. தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் தெரிந்தால் இடம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்டது. குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பற்சட்டம் கிடையாது.

டீசலில் ஒய்டிஎம்4-ஐத் தெரிந்தால் நம் பக்கத்துப் படங்களில் முக்கால்வாசி தீர்ந்தது. ஆறு அச்சு, ஒற்றைக் கேப், நீண்ட மூக்கு. மின்சாரத்தில் ஒய்ஏஎம்1: ஜப்பானில் கட்டிய 20 எஞ்சின்கள் மட்டுமே. எண்கள் 21904 முதல் 21923 வரை, ஓடியது சென்னை கடற்கரை, தாம்பரம், விழுப்புரம் பாதையில். மீட்டர் கேஜும் மின்கம்பியும் சேர்ந்து நாட்டில் வேறெங்கும் இருந்ததில்லை. கம்பி தெரிந்தாலே ஊரின் வட்டாரம் கிடைத்துவிடும்.

எண்ணைப் படிப்பது

எண் இருக்கும் இடங்கள்: கேப்பின் பக்கத் தகடு, முன் பஃபர் சட்டம், டெண்டரின் (கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி) பின்பக்கம். மூன்றில் எது தெரிகிறதோ அதைத் தனியாக வெட்டி, மூன்று வண்ணச் சேனல்களையும் பிரித்துப் பாருங்கள். சிவப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து, பச்சைச் சேனலில் நன்றாக எழும்பும். மஞ்சளாகிப்போன பிரிண்டில் நீலச் சேனல் வெறும் கறைதான் காட்டும். பிறகு லெவல்ஸை (கறுப்பு, வெள்ளை எல்லைகளை) மெதுவாக நெருக்குங்கள்.

படித்த எண்ணை வகையோடு மோதவிடுங்கள். ஒய்பி என்றால் 2-இல் தொடங்கும் நான்கு இலக்கம். ஒய்ஜி 3 அல்லது 4. ஒய்எல் 5. ஒய்டிஎம்4 என்றால் 6. சக்கரம் ஒய்ஜி என்று சொல்ல, எண் 8-இல் தொடங்குவதாகத் தெரிந்தால் அது 3. ஐந்து இலக்கத்தில் 3-இல் தொடங்கினால் ஒய்பி, ஒய்ஜி போன்ற தர வகைகளுக்கு முந்தைய பழைய எஞ்சின். 1950-களின் பிற்பாதியில் நாடு முழுவதற்கும் பொதுவான எண்வரிசை கொடுத்தபோது அப்படி மாறியது. அதே எஞ்சினின் சவுத் இந்தியன் ரயில்வே கால எண் வேறாக இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மங்கலான படத்தைக் 'கூர்மையாக்கும்'போது இல்லாத இலக்கத்தை எழுதிவிடும். அதுவும் அழகாக, நம்பும்படி எழுதும். 26?4 என்று பாதி தெரிந்த எண், 2684 என்று திட்டவட்டமாக மாறி நிற்கும். ஆறு மாதம் கழித்து யாருக்கும் அது ஊகம் என்று தெரியாது. அப்படிச் செய்த கோப்பை ஆவணத்தில் சேர்க்காதீர்கள். தெரியாத இலக்கத்துக்குக் கேள்விக்குறி போடுவது கௌரவக் குறைவல்ல.

எங்கே, எப்போது

ஆண்டைக் கண்டுபிடிப்பதில் ஒரே தடயத்தை நம்பக் கூடாது. 'இதற்கு முன் இருக்க முடியாது', 'இதற்குப் பின் இருக்க முடியாது' என்று இரண்டு வேலி போட்டு நெருக்கிக்கொண்டே வர வேண்டும்.

டெண்டரிலோ பெட்டியிலோ உள்ள எழுத்து முதல் வேலி. சவுத் இந்தியன் ரயில்வேயின் சுருக்கம் இருந்தால், 1951 ஏப்ரல் 14-இல் தெற்கு ரயில்வே உருவாவதற்கு முந்தையது, அல்லது அதற்குப் பின் இன்னும் மறுபூச்சுக்குப் போகாதது. பெட்டியின் பக்கத்தில் ரோமன் எழுத்தில் மூன்று கோடு தெரிந்தால் மூன்றாம் வகுப்பு. அது 1974-இல் ஒழிந்தது.

கிடைப்பவற்றுள் சிறந்த தடயம் பெட்டியின் முனைச்சுவரிலும் எஞ்சினின் ஓரத்திலும் ஸ்டென்சிலில் எழுதிய பிஓஹெச் தேதி. முழுப் பழுதுபார்ப்பு முடிந்த மாதமும் ஆண்டும், பணிமனையின் சுருக்கமும் இருக்கும். ஜிஓசி என்றால் பொன்மலை. அந்தத் தேதிக்கு முன் படம் எடுத்திருக்க முடியாது. அடுத்த பழுதுபார்ப்புக்குத் திரும்ப வேண்டிய தேதியும் பக்கத்தில் இருந்தால் இரண்டு வேலியும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். எழுத்து இரண்டு விரற்கடை உயரம்தான்; 600 டிபிஐயில் படித்துவிடலாம், வாட்ஸ்அப் கோப்பில் முடியாது.

ஸ்டேஷன் பெயர்ப்பலகை பேசும், ஆனால் கொஞ்சம் தாமதமாகப் பேசும். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பொன்மலை, திருவண்ணாமலை போன்ற பெயர்களில் பழைய தும்பிக்கை வைத்த லை, மானாமதுரையில் பழைய னா இருந்தால் பலகை எழுதியது அனேகமாக அதற்கு முன். ஆனால் பலகையை மறுபடி எழுதுவதற்குள் பல ஆண்டு ஓடியிருக்கலாம் என்பதால் இதை மென்மையான தடயமாக மட்டும் வையுங்கள். 'மெட்ராஸ்' சென்னையானது 1996-இல். மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை என்ற மூன்றில் எது பலகையில் இருக்கிறது என்பதும் அதேபோல. இந்தி எழுத்தின்மேல் தார் பூசிய பலகை என்றால் 1950-களும் 60-களும் முதலில் நினைவுக்கு வர வேண்டும். 1953 ஜூலையில் டால்மியாபுரம் ஸ்டேஷன் பலகையில் கல்லக்குடி என்று ஒட்டிய போராட்டம் அந்த வரிசையில் வருவது. தார் பூச்சு பிறகும் அவ்வப்போது நடந்ததால் இதை மட்டும் வைத்து ஆண்டு சொல்ல வேண்டாம்.

மின்கம்பி: கடற்கரை, தாம்பரம் இடையே 1931-இலிருந்தே உண்டு. செங்கல்பட்டிலும் விழுப்புரத்திலும் தலைக்குமேல் கம்பி தெரிந்தால் 1960-களின் பிற்பாதிக்கு முன் போகாதீர்கள். அதே விழுப்புரத்தில் கம்பிக்கு அடியில் ஒய்பி புகை விட்டுக்கொண்டு நின்றால் முரண்பாடு எதுவும் இல்லை. அங்கே மின்சார எஞ்சினைக் கழற்றி மற்ற எஞ்சினை மாட்டுவது வழக்கம்.

பாதையே இல்லாமல் போன இடங்கள் உறுதியான வேலி தருகின்றன. தனுஷ்கோடி ஸ்டேஷனில் வண்டி நின்றால் 1964 டிசம்பர் 22 இரவுக்கு முன். புயலுக்குப் பின் அந்தப் பாதை திரும்பவில்லை. பாம்பன் பாலத்தில் மீட்டர் கேஜ் என்றால் 1914-க்கும் 2007 அகலப் பாதை மாற்றத்துக்கும் நடுவே. தாம்பரம் புறநகர் மீட்டர் கேஜ் மின்வண்டி 2004 ஜூலையோடு முடிந்தது. செங்கோட்டை, புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் 2010 செப்டம்பரில் நின்றது; பதின்மூன்று கண் பாலத்தில் ஒய்டிஎம்4 படம் என்றால் அதற்கு முன். மதுரை, போடி வண்டிக்கு 2010 டிசம்பர் கடைசி. வண்டியின் பெயர்ப்பலகையும் இப்படித்தான்: வைகை எக்ஸ்பிரஸ் என்று இருந்தால் 1977 ஆகஸ்ட் 15-க்குப் பின்.

படத்தாளும் பேசும். சதுரப் பிரிண்ட் என்றால் பெரும்பாலும் 120 சுருளில் 6×6 சட்டம். 1960-களிலும் 70-களிலும் ஆக்ஃபா கிளிக் போன்ற எளிய கேமராக்கள் நடுத்தர வீடுகளுக்குள் வந்தபோது எடுத்தவை அதில் நிறைய. தாளின் பின்னால் 'இந்து' என்ற அச்சு இருந்தால் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு. அங்கே உற்பத்தி தொடங்கியது 1967. அதனால் அந்தப் பிரிண்ட் அதற்குப் பிந்தையது. நெகட்டிவ் பழையதாகவும் பிரிண்ட் புதிதாகவும் இருக்கலாம் என்பதை மனத்தில் வையுங்கள். கோடாக்ரோம் ஸ்லைடின் அட்டையில் மாதமும் ஆண்டும் இருந்தால் அது கழுவிய தேதி. பயணத்தில் எடுத்துவிட்டு ஊர் திரும்பிக் கழுவியிருப்பார்கள், படம் எடுத்தது அதற்குச் சில மாதம் முன்பு என்று கணக்கிடுங்கள். 1990-களின் பிரிண்டில் வலது கீழ் மூலையில் ஆரஞ்சு எண்ணில் விழும் தேதியை அப்படியே நம்பிவிடக் கூடாது. பேட்டரி மாற்றியதும் கடிகாரம் தொடக்க ஆண்டுக்கே போய்விடும், திருத்தியவர்கள் குறைவு.

நிழலும் உதவும், ஆனால் நம் ஊரில் ஒரு வில்லங்கம் உண்டு. சென்னையில் ஏறக்குறைய ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரையும், மதுரைப் பக்கம் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரையும், நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கும். நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே. நடைமேடையின் திசை தெரிந்த ஊரில், நண்பகல் நிழல் தெற்கே விழுந்தால் கோடை என்று மாதத்தையே பிடித்துவிடலாம். இது தெரியாமல் 'நிழல் விழும் பக்கம் வடக்கு' என்று வைத்துக்கொண்டு ஸ்டேஷனையே தலைகீழாக்கியவர்கள் உண்டு.

நிறம்

1970-களின் வண்ணப் பிரிண்ட் சிவந்து போயிருந்தால் அந்தக் காலத்து எஞ்சின் சிவப்பு என்று பொருளில்லை. இருட்டில் வைத்திருந்தாலும் சியான் சாயம் முதலில் வெளுக்கும். எஞ்சுவது மெஜந்தாவும் மஞ்சளும். திருத்துவதற்கு, நிறம் தெரிந்த பொருள் ஒன்றைப் பிடியுங்கள்: நடைமேடை விளிம்பின் சுண்ணாம்புக் கோடு, ஜல்லி, பெயர்ப்பலகையின் மஞ்சள். முதலில் வெள்ளையையும் சாம்பலையும் சமன் செய்துவிட்டு, பிறகுதான் பெட்டியின் செங்காவி எந்த அளவு என்று பாருங்கள்.

கறுப்பு வெள்ளையில் வேறு சிக்கல். பழைய ஆர்த்தோ வகைச் சுருள்களுக்குச் சிவப்பு தெரியாது. செங்காவிப் பெட்டி கறுப்பாகவே விழும். எல்லா நிறமும் பதியும் பான்க்ரோ சுருளில் அதே பெட்டி நடுத்தரச் சாம்பல். ஆக இரண்டு படத்தில் ஒரே பெட்டி வேறு வேறாகத் தெரிந்தால் மறுபூச்சு என்று முடிவு கட்டாதீர்கள். தானியங்கி வண்ணமூட்டலைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அது பூசும் நிறம் எங்கோ பார்த்த வேறு நாட்டு எஞ்சினின் நிறம்.

ஓய்வுபெற்றவர்களிடம் காட்டும்போது

தடயங்கள் தீர்ந்த இடத்தில் ஆட்கள் வேண்டும். டிரைவர், ஃபயர்மேன், ஷெட் ஃபிட்டர், ஸ்டேஷன் மாஸ்டர் என்று ஒவ்வொருவர் பார்வையும் வேறு. ஃபயர்மேனுக்கு எந்த மேட்டில் கரி அள்ளிக் கை சோர்ந்தது என்பது நினைவிருக்கும், ஆண்டு இருக்காது. ஃபோன் திரையில் காட்டாமல் ஏ4 அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துப் போங்கள். எழுபது எண்பது வயதுக் கண்ணுக்கு அதுதான் வசதி. "ஐயா, இது விழுப்புரம்தானே?" என்று கேட்டால் "ஆமாம்பா" என்பதே பதிலாக வரும். "ஐயா, இது எந்த ஸ்டேஷன்னு சொல்ல முடியுமா? எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் விடைதான் பொன். தண்ணீர்த் தொட்டியின் தூண் வடிவம், கைகாட்டி நிற்கும் பக்கம், பின்னால் தெரியும் கோபுரம் என்று அவர் சுட்டுவதைப் படத்தின் நகலில் குறியுங்கள். ஒரே படத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். சேர்ந்து உட்கார வைத்தால் மூத்தவர் சொன்னதையே இளையவரும் சொல்வார்.

எழுதி வைப்பது, சேமிப்பது

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரிசை எண். கோப்புப் பெயரும் அசலின் உறையும் அதே எண்ணைச் சுமக்கட்டும். விவரத்தைக் கோப்புக்குள்ளேயே மெட்டாடேட்டாவில் எழுதுங்கள். தனித் தாளில் எழுதினால் பிரிந்துவிடும். இடம், ஆண்டு, வகை, எண் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'உறுதி', 'அனேகமாக', 'ஊகம்' என்று மூன்றில் ஒன்றும், எதை வைத்துச் சொன்னீர்கள் என்பதும் இருக்க வேண்டும். "1974–77, அனேகமாக, இரண்டாம் வகுப்புக் குறி, வைகை இல்லாத அட்டவணை" என்ற மாதிரி. பின்னால் வருபவர் திருத்துவதற்கு அந்த வரி போதும்.

படம் உங்கள் வீட்டில் இருப்பதால் உரிமையும் உங்களுடையதாகிவிடாது. 2012 சட்டத் திருத்தத்துக்குப் பின் இந்தியாவில் நிழற்படத்தின் பதிப்புரிமை எடுத்தவர் காலமாகி 60 ஆண்டு வரை. எடுத்தவர் அல்லது அவர் குடும்பம் தெரிந்தால் கேட்டுவிட்டுப் பெயர் போட்டுப் பகிருங்கள். அடுத்தவர் பெயரை வெட்டிவிட்டு நம் பெயரை நீர்க்குறியாகப் போடும் பழக்கத்தால் எத்தனையோ படங்களின் மூலம் தெரியாமல் போயிற்று.

கோப்புக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில். அசலைப் பிவிசி உறையில் போடாதீர்கள், அது வாயு விட்டுப் படத்தில் ஒட்டும். பாலிப்ரோப்பிலீன் உறை அல்லது அமிலமற்ற காகித உறை வாங்குங்கள். உறையில் எழுதுவதானால் படத்தை உள்ளே போடும் முன் எழுதுங்கள், அதுவும் மெல்லிய பென்சிலால். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு, பரணிலும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலும் வைக்காமல், வீட்டின் நடு அறையில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்ததும் ஒருமுறை திறந்து ஜெல்லை மாற்றி, நெகட்டிவ் உறைகளை முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அசிடேட் அடித்தாள் சிதையத் தொடங்கிவிட்டது; அந்த வாயு பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். வாடை வந்ததைத் தனிப் பெட்டிக்கு மாற்றி, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை ஸ்கேன் செய்யுங்கள்.